சுலபமான கேள்வி

கதவைச் சாத்தியாகிவிட்டது. போனைக் கணவன் பரணியிடம் கொடுத்தாகிவிட்டது. தண்ணீர் பாட்டிலைக்கூட மேஜையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டேன், ஏனென்றால் தேர்வு மையத்தில் மேஜைமேல் தண்ணீர் வைக்க விடமாட்டார்கள், அங்கே எப்படியோ இங்கேயும் அப்படியே இருக்க வேண்டும் என்பது ஆன்லைனில் எங்களுக்கு வகுப்பெடுக்கும் திலீபன் சாரின் சட்டம். மாதிரித் தேர்வின் நடுவில் எழுந்திருக்கவே கூடாது, வீடு பற்றி எரிந்தாலும் சரி, இங்கே ஒருமுறை எழுந்து பழகிய கால் அங்கேயும் எழுந்துவிடும் என்பார். எரிகிற வீட்டில் உட்கார்ந்து சதவீதக் கணக்கு போடும் முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியை அவர் மனதில் பார்த்திருப்பார் போல. சரி சார், எழுந்திருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஜன்னல் கம்பி வழியாக விசைப்பலகைமேல் விழுகிறது. அசல் தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ஜிமேட் என்று பெயர், மேலாண்மைக் கல்லூரிக்குப் போக வேண்டுமானால் எழுத வேண்டியது, நான் எழுதப்போவது இரண்டாம் தடவை. முதல் தடவை வாங்கிய மதிப்பெண்ணில் ஏதாவது ஒரு கல்லூரி கிடைத்திருக்கும், ஆனால் நான் கேட்டது ஏதாவது ஒன்றை இல்லை. ஆபீசில் என் கீழே வேலை கற்றுக்கொண்டவர்கள் எனக்கு மேலாளர்களாகி என்னையே கூப்பிட்டு அறிவுரை சொல்கிறார்கள், அதைச் சிரித்த முகத்தோடு கேட்டுக் கேட்டுத் தாடை வலிக்கிறது. அதனால் திரும்ப எழுதுகிறேன். முதல் கேள்வி. இரண்டு குழாய்கள், ஒரு தொட்டி. போட்டேன். இரண்டாவது கேள்வி கொஞ்சம் முரண்டு பிடித்தது, நல்லது, மூன்றாவது இன்னும் முரண்டு பிடித்தது, இன்னும் நல்லது. இந்தத் தேர்வின் குணமே அதுதான். கம்ப்யூட்டர் ஒவ்வொரு பதிலையும் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். சரியாகப் போட்டால் அடுத்தது கஷ்டமாக வரும், தப்பாகப் போட்டால் சுலபமாக வரும். ஆகவே இதை எழுதுகிறவர்கள் எல்லோரும் என்னைப் போலக் கோணல் புத்திக்காரர்களாகிவிடுகிறோம், கஷ்டம் வந்தால் நிம்மதியாக மூச்சு விடுகிறோம், சுலபமாக ஒன்று வந்துவிட்டால் பயந்துவிடுகிறோம், எங்கேயோ தப்பு பண்ணிவிட்டோம், அது இதற்குள் நடந்து முடிந்துவிட்டது, நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை என்று.

கேள்வியின் முகத்தைப் பார்த்து ஜோசியம் சொல்லாதீர்கள் என்று திலீபன் சார் தலையால் அடித்துக்கொள்வார். உங்களுக்குச் சுலபமாகத் தெரிவது உண்மையில் கஷ்டமானதாக இருக்கலாம், அல்லது அது மதிப்பெண்ணே இல்லாத வெள்ளோட்டக் கேள்வியாக இருக்கலாம், உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது என்பார். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? போன தடவை தேர்வு மையத்தில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மூக்கில் வியர்வை, கையில் அவர்கள் கொடுத்த மார்க்கர் பேனா, குளிரில் விரல் விறைத்து, ஒவ்வொரு கேள்வியும் மலைபோல வந்து நின்றது, நான் சந்தோஷமாக ஏறிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு கடைக்காரர் வந்தார். சட்டையின் விலையை இருபது சதவீதம் கூட்டினார், அப்புறம் இருபது சதவீதம் குறைத்தார், முடிவில் லாபமா நஷ்டமா? அவ்வளவுதான் கேள்வி. எட்டாம் வகுப்புப் பிள்ளை பல் துலக்கிக்கொண்டே சொல்லும். நான் பதிலைப் பார்த்தேன், அது அங்கேயே உட்கார்ந்திருந்தது, அமுக்கினால் போதும், ஆனால் கை போகவில்லை. ஏன் இவ்வளவு சுலபம், முன்னால் எதில் தப்பினேன், யாருக்கு என்ன ஆயிற்று. யாருக்கு என்ன ஆயிற்று என்றுதான் நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், ஒரு சட்டைக் கணக்கைப் பார்த்துக்கொண்டு. நேரம் கரைந்தது. அதற்குப் பிறகு வந்த கேள்விகளை நான் படிக்கவே இல்லை, கண் மட்டும் அவற்றின்மேல் ஊர்ந்தது. வெளியே வந்ததும் மதிப்பெண்ணைக்கூடச் சரியாகப் பார்க்காமல் லாக்கரிலிருந்து போனை எடுத்து முசிறிக்கு அடித்தேன். அம்மா எடுத்தாள். மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன், காக்காய் வருகிறது, அப்புறம் பேசு என்று வைத்துவிட்டாள். ஒன்றுமே ஆகவில்லை. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், என் மதிப்பெண்தான் செத்திருந்தது. அந்தக் கோபத்தில் பார்க்கிங்கில் நின்று அழுதேன், பரணி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான், நான் அவனையும் திட்டினேன்.

அடுத்த கேள்வி. ஒரு தந்தையின் வயது இன்று மகளின் வயதைப் போல மூன்று மடங்கு. ஐந்து வருடத்துக்கு முன்பு நான்கு மடங்காக இருந்தது. இன்று மகளின் வயது என்ன? வந்துவிட்டதா. இப்போதுதான் இரண்டு கேள்வி முரண்டு பிடித்தது, அதற்குள் இது. பதினைந்து. பேப்பரே வேண்டாம், மகளுக்குப் பதினைந்து, தந்தைக்கு நாற்பத்தைந்து, அமுக்கு, மேலே போ. அமுக்கினேன், போகவில்லை, அதாவது திரையில் போய்விட்டது, நான் போகவில்லை. இன்னும் இரண்டு வருடம் கூட்டினால் மகளுக்குப் பதினேழு, தந்தைக்கு நாற்பத்தேழு. அது நாங்கள்தான். கணக்குப் புத்தகத்தில் எந்தத் தகப்பனும் சாவதில்லை, பத்து வருடம் கழித்து அவர் வயது என்ன, இருபது வருடம் கழித்து என்ன என்று தைரியமாகக் கேட்டுக்கொண்டே போகிறார்கள், அவர்களும் சளைக்காமல் கூடிக்கொண்டே போகிறார்கள். என் அப்பா சோமசுந்தரம், முசிறியில் பால் சொசைட்டிச் செயலாளர், நாற்பத்தேழில் நின்றுவிட்டார். இன்னும் பதினைந்து வருடம் போனால் நான் அவருக்குச் சமவயதுக்காரியாகிவிடுவேன், அதற்கு அடுத்த வருடம் அவருக்கு அக்கா. இதை எந்தத் தேர்வில் கேட்பார்கள்? திரையில் ஏதோ தகவல் போதுமா போதாதா என்று ஒரு கேள்வி நிற்கிறது. படி, வினோதினி. எக்ஸ் ஒரு முழு எண். எக்ஸ் ஒரு முழு எண்தான், இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது.

பிளஸ் டூவுக்கு என்னை ராசிபுரம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். போன் கிடையாது, மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வந்து மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு கொடுப்பார்கள், பரீட்சை மாதத்தில் அதுவும் கிடையாது. காலையில் இருட்டோடு எழுப்பித் தேர்வு வைப்பார்கள், தப்பு விட்டால் முட்டி போட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் பொதுத்தேர்வு தொடங்கிய வாரம் திடீரென்று எல்லாம் சுலபமாகிவிட்டது. வார்டன் அக்கா, சிரிக்கவே தெரியாதவள், தன் பிளாஸ்க்கிலிருந்து எனக்கு ஹார்லிக்ஸ் ஊற்றிக் கொடுத்தாள். பிசிக்ஸ் சார் என் பெஞ்சைத் தாண்டும்போது தலையில் கை வைத்துவிட்டுப் போனார், அந்தக் கை அதுவரை பிரம்பு இல்லாமல் எங்கள் பக்கம் வந்ததில்லை. ரிவிஷன் தேர்வில் மதிப்பெண் குறைந்தபோதுகூட முட்டி போடச் சொல்லவில்லை, உடம்பைப் பார்த்துக்கோ என்றார்கள். கெமிஸ்ட்ரிக்கு முன்னால் ஞானசேகர் மாமா, அம்மாவின் தம்பி, வந்தார், பரீட்சை நேரத்தில் யாரையும் உள்ளே விடாதவர்கள் அவரை விட்டார்கள். அப்பா ஏன் வரவில்லை என்று கேட்டேன். சேலத்தில் ஆடிட் என்றார். பால்கோவா கொடுத்தார். எப்போது வந்தாலும் கணக்கில் எத்தனை, பிசிக்ஸில் எத்தனை என்று குடைகிற மனிதர் அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. நான் நல்ல பெண், அதனால்தான் எல்லோரும் என்னிடம் நன்றாக இருக்கிறார்கள் என்று நம்பினேன். இரவு படுக்கையில் பாட்டு முணுமுணுத்தேன், அங்கே அப்பாவுக்குப் பால் தெளித்து எலும்பு பொறுக்கிக் காவிரியில் கரைத்தாகிவிட்டது.

பயாலஜி முடிந்த அன்று மாமா காரோடு வந்தார். வழி முழுக்கப் பேசவில்லை. வீட்டு வாசலில் அம்மா நின்றாள், நெற்றியில் ஒன்றும் இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை, ஹாலில் அப்பா படத்துக்குள் போய் உட்கார்ந்து மாலை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா என் கையிலிருந்த பெட்டியை வாங்கினாள். "பயாலஜி எப்படி எழுதின?" என்று கேட்டாள். நான் நன்றாக எழுதினேன் என்றேன். அப்புறம்தான் இருவரும் அழுதோம், அதுவும் முதலில் அவள்தான். பரீட்சை முடியட்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு பண்ணினார்களாம், ஊரே கூடிப் பொய் சொன்னதாம், அப்பாவும் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாராம். மாவட்டத்தில் நல்ல மதிப்பெண், பேப்பரில் படம் வந்தது, அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். யாரையும் நான் குறை சொல்லவில்லை, அன்பினால்தான் செய்தார்கள், இருந்தாலும் அன்று தொட்டு என்னிடம் ஒருவர் காரணமில்லாமல் இனிமையாகப் பேசினால் மனசுக்குள் பிணம் தேட ஆரம்பித்துவிடுகிறேன். டாக்டர் புன்னகைத்தால் பயம். மாமியார் சாம்பார் பொடி அனுப்பி, கூடவே ஒரு குத்தலும் அனுப்பாமல் விட்டால் பயம். பரணி பெண் பார்க்க வந்தபோது நான் கேட்ட எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான், உனக்கு ஏதாவது வியாதியா என்று நேராகவே கேட்டேன், பாவம், காபி புரைக்கேறியது.

எக்ஸ் முழு எண். ஒய் இரட்டைப்படை. முதல் தகவல் மட்டும் போதாது, இரண்டையும் சேர்த்தால் போதும். போட்டேன், தப்போ சரியோ, கடிகாரம் ஓடுகிறது. இந்த வாரமும் சுலபமாக இருக்கிறது. அதைத்தான் நான் நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து வேறு என்னென்னவோ நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆபீசில் லீவு கேட்டதும் கொடுத்தார்கள், அதை விடு, அவர்களுக்கு என்னைப் பார்க்காமல் இருந்தால் சரி. பரணி சமைக்கிறான், மிருதுளாவைக் குளிப்பாட்டுகிறான், நான்கு வயதுக் குழந்தை கதவைத் தட்டாமல் இருக்க என்ன லஞ்சம் கொடுக்கிறானோ தெரியவில்லை, போனை நீட்டினால் ஓடிவந்து வாங்கிக்கொள்கிறான், மாதிரித் தேர்வு இல்லாத நேரத்திலும் என்கிட்டயே இருக்கட்டுமே என்கிறான். அதையும் விடு, நல்ல கணவன், தொலையட்டும். அம்மா. என் அம்மா தனபாக்கியத்துக்கு நாள் ஒன்றுக்கு ஒரு குறையாவது இருக்கும். முழங்கால், பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம், பால்காரன் ஊற்றும் தண்ணீர், நான் பிள்ளைக்கு எண்ணெய் வைக்காதது. காலையில் அவள் புலம்பலைக் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடியும். வியாழக்கிழமையிலிருந்து அவள் நன்றாக இருக்கிறாளாம். நல்லாருக்கேன்டி, நீ படி, நல்லா சாப்பிடு, வெச்சிரட்டுமா. என் அம்மா வாழ்க்கையில் ஒருநாளும் நன்றாக இருந்ததில்லை. பேசுவதும் மாமா போனிலிருந்து, அவள் போனில் சார்ஜ் நிற்பதில்லையாம். முகத்தைக் காட்டு என்றால் கேமரா சரியில்லையாம். கேட்டதும் எனக்குப் பழைய பயம் ஆரம்பித்துவிட்டது, உடனே நானே அதன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். போன தடவையும் இப்படித்தான், வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தவளைக் கொன்று அழுது தேர்வைக் கோட்டை விட்டாய். பயத்துக்கு ஒருமுறை எழுந்து கொடுத்தால் அது எப்போதும் கேட்கும். இன்று எழுந்தால் இரண்டு வாரம் கழித்து அங்கேயும் எழுவாய், இந்த வருடம் கல்லூரி போச்சு, அடுத்த வருடம் உனக்கே அலுத்துவிடும், அதே நாற்காலியில் அதே அறிவுரையைக் கேட்டுக்கொண்டு கிழவியாவாய். உட்கார். ஒரு நிறுவனத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு இரண்டு. உட்கார்ந்துதான் இருக்கிறேன். பத்துப் பெண்கள் புதிதாகச் சேர்ந்தால். சேரட்டும், அவர்களுக்காவது நல்ல மேலாளர் கிடைக்கட்டும்.

நேற்று அம்மா பேசும்போது பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் ஒலிபெருக்கியில் எண் சொல்லிக் கூப்பிட்டது போல. எங்கே இருக்க என்று கேட்டேன். பேங்க்ல இருக்கேன், கூப்பிடறாங்க, அப்புறம் பேசறேன் என்றாள். பேங்க்தானே என்று நானும் விட்டுவிட்டேன், மூன்றுக்கு இரண்டு, அதாவது ஐந்து பங்கு, நேற்றைக்குச் சனிக்கிழமை. நான் விளக்குப் போட எழுந்தபோதுதான் போன் வந்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் முசிறியில் எந்த பேங்க் திறந்திருக்கிறது? விகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கை குளிர்கிறது, இது அந்தத் தேர்வு மையத்துக் குளிர் இல்லை, இங்கே மின்விசிறிதான் சுற்றுகிறது. சட்டைக் கடைக்காரர் வந்தபோது என்னிடம் பயம் மட்டும்தான் இருந்தது, வேறு ஒரு தகவலும் இல்லை. இப்போது ஒரு தகவல் இருக்கிறது. அது போதுமா போதாதா? போதாது என்று சொல், வினோதினி, எங்கேயாவது போன் கடையில் நின்றிருப்பாள், டோக்கன் கொடுக்கிற மருந்துக்கடையாக இருக்கும், உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளக் கூடாதென்று பேங்க் என்றிருப்பாள். மருந்து யாருக்கு? இன்னும் அரைமணி இருக்கிறது இந்தப் பகுதி முடிய. அரைமணியில் என்ன ஆகிவிடும், அப்புறம் போய்க் கேள். அப்புறம் கேட்கலாம் என்றால் அடுத்த பகுதி தொடங்கிவிடும், அது முடிந்ததும் தவறுகளைத் திருத்த வேண்டும், நாளை இன்னொரு மாதிரித் தேர்வு, இரண்டு வாரம் கழித்து அசல், அது முடிந்து நான் வெளியே வரும்போது மாமா காரோடு நிற்பார். அவர் வழி முழுக்கப் பேசமாட்டார். முசிறி வாசலில் இந்தத் தடவை பெட்டியை வாங்கிக்கொள்ளக்கூட ஆள் இருக்காது. நான் எழுந்திருக்கவில்லை, நாற்காலி பின்னால் விழுந்த சத்தத்தைக் கேட்டுத்தான் எழுந்துவிட்டேன் என்று தெரிந்தது.

ஹாலில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, மிருதுளா தரையில் படுத்துப் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பரணி பால்கனியில் என் போனைக் காதில் வைத்து முதுகைக் காட்டி நின்றிருந்தான். நான் வந்ததைப் பார்த்ததும் அப்புறம் பேசறேன் மாமா என்று வைத்தான். இன்னும் டைம் இருக்கே, தண்ணி வேணுமா, காபி போடட்டுமா என்றான். எவ்வளவு இனிமையாகக் கேட்டான்.

"அம்மாவுக்கு என்ன, பரணி?"

அவன் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தான். என் முகத்தைப் பார்த்தான். போனைத் துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தான், திரும்ப எடுத்தான்.

"உயிரோட இருக்காங்களா, அதை மட்டும் முதல்ல சொல்லு."

"ஐயோ, இருக்காங்க வினோ, நல்லா பேசறாங்க."

நான் அப்படியே பால்கனி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னான். புதன்கிழமை கொல்லைக் குழாயடியில் வழுக்கி விழுந்திருக்கிறாள், இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நாளைக் காலையில் ஆபரேஷன். இரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது என்பதால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டார்கள், டாக்டர் கொஞ்சம் யோசிக்கிறார், மாமா கூடவே இருக்கிறார். என்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாதான் பிடிவாதமாக நின்றாளாம், மிருதுளா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னாளாம். நேத்து ராத்திரி சொல்லிடலாம்னுதான் உன் ரூமுக்கு வந்தேன், நீ புத்தகத்து மேலயே தூங்கிட்டிருந்த என்றான். அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவும் செய்தேன், தோளில், பலமில்லாமல். அதோடு கூட எனக்குள் வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, அம்மாவுக்கு எலும்பு உடைந்திருக்கிறது, வெறும் எலும்பு, நாளைக்குத்தான் ஆபரேஷன், இன்னும் நடக்கவில்லை, எதுவுமே இன்னும் நடந்து முடிந்துவிடவில்லை. மாமா எண்ணை நானே அழுத்தினேன். அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். அவர் தயங்கியது கேட்டது, அப்புறம் போர்வை சரசரத்தது.

யார்டி உனக்குச் சொன்னது என்று ஆரம்பித்தாள். குரலைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள், கட்டு நிற்கவில்லை. சின்ன அடிதான், இந்த ஞானசேகர் எல்லாத்தையும் பெரிசு பண்ணுவான், மாப்பிள்ளைக்கு வாய் நிக்கல, நீ போய்ப் படி, பதினஞ்சு நாள்ல பரீட்சைய வெச்சிக்கிட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"நான் வர்றேம்மா," என்றேன்.

"எதுக்குடி? நீ வந்து என்ன செய்யப் போற? முடிஞ்சதும் சொல்றோம்."

"முடியறதுக்கு முன்னாடி வர்றேன்."

அந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டி போகிற ஓசை, யாரோ இருமுவது, மாமா ஏதோ சொல்ல அவள் சும்மா இரு என்றது. போனை வாய்க்கு மிகப் பக்கத்தில் கொண்டுவந்திருக்க வேண்டும், மூச்சு காதிலேயே விழுந்தது. நான் பிறந்த நாளிலிருந்து அவள் என்னிடம் எனக்கு இது வேண்டும் என்று ஒன்றும் கேட்டதில்லை. குறை சொல்வாள், கேட்கமாட்டாள்.

"ராத்திரிக்குள்ள வந்துருவியா?" என்றாள். "மயக்க ஊசி போடுவாங்களாம்டி. எனக்கு பயமா இருக்கு."

மதிய ரயில் இருக்கிறது என்று பரணி பக்கத்திலிருந்து கையைக் காட்டினான்.

"வந்துருவேன்," என்றேன். எப்போதும் பேசி முடித்ததும் படக்கென்று வைத்துவிடுகிறவள் அன்றைக்கு வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு படியிறங்கினேன்.